பிள்ளைகள் ஏறும் கம்பி: உள்ளேயா, வளவிலா?

வீட்டில் பிள்ளைகள் ஏறி விளையாடுவதற்குச் செய்யப்படும் சாதனங்கள் இரண்டு வகை. கூரைக்குக் கீழ் நிற்பவை ஒரு வகை: முக்கோண ஏணி, சுவரோடு பூட்டிய கம்பு ஏணி, விட்டத்தில் தொங்கும் கயிறு. வளவில் நிற்பவை மறு வகை: குழாயால் ஒட்டிய கம்பிக்கூடு, வளைவேணி, சறுக்கோடு சேர்ந்த மேடை. மட்டக்களப்பு வாவியோரப் பட்டறைகளில் இவற்றுக்கென்று தனிப் பெயர் எதுவும் நிலைக்கவில்லை. ஓடர் கொடுக்க வருகிறவர் "புள்ளையள் ஏறுற கம்பி" என்பார். வெல்டிங் செய்பவருக்கும் மரவேலை செய்யும் ஓடாவியாருக்கும் அதுவே போதும்.

வருகிறவர் உயரத்தையும் நிறத்தையும் கையிலுள்ள காசையும் யோசித்துக்கொண்டு வருவார். வேலை தெரிந்தவர் முதலில் கேட்பது வேறொன்று: வீடு எந்தக் கரையில்? அந்த ஒரு பதிலில் பாதி விடயம் தீர்ந்துவிடும்.

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடற்கரையோடு ஒட்டிக் கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலம் எழுவான்கரை. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு எல்லாம் அதில் அடங்கும். வாவிக்கு மேற்கே வயலும் குளமுமாக விரிவது படுவான்கரை. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, மண்டூர் அந்தப் பக்கம். சூரியன் எழும் கரை, படும் கரை என்று பெயர் வைத்தவர்கள் திசையை நினைத்து வைத்தார்கள்; கம்பி நடுகிறவருக்கு அது மண்ணின் பெயர். எழுவான்கரையில் தோண்டினால் மணல், காற்றில் உப்பு. படுவான்கரையில் தோண்டினால் களி, காற்றில் உப்பு குறைவு. விழும் பிள்ளைக்கு மணல் நல்லது, நிற்கும் இரும்புக்கு உப்பு கெட்டது. இரண்டும் ஒரே கரையில் சேர்ந்து கிடப்பதுதான் இந்த ஊர்த் தொழிலின் சிக்கல்.

கம்பிக்கூடு அமெரிக்கப் பொருள் என்று எழுதப்பட்டாலும் அதன் முதல் உரு மூங்கில். கணித அறிஞர் சாள்ஸ் ஹவர்ட் ஹின்டன் ஜப்பானில் படிப்பித்த காலத்தில், தன் பிள்ளைகளுக்கு வெளியின் பரிமாணங்களைப் பழக்குவதற்காக மூங்கிலால் சட்டம் கட்டி, இன்ன மூட்டுக்குப் போ என்று இடம் சொல்லி ஏறவைத்தார். பிள்ளைகளுக்குக் கணிதத்தை விட ஏறுவது பிடித்துப்போனது. மகன் செபஸ்டியன் ஹின்டன் சிக்காகோவில் காப்புரிமைச் சட்டத்தரணியானார். 1920இல் அதே சட்டத்தை இரும்புக் குழாயில் செய்வதற்கு உரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1923இல் உரிமை கிடைத்தது. சுவரேணி அதைவிடப் பழையது, 19ஆம் நூற்றாண்டுச் சுவீடன் தேகப்பயிற்சி முறையிலிருந்து வந்தது. முக்கோண ஏணிக்கு ஹங்கேரிய மருத்துவர் எம்மி பிக்லரின் பெயர் ஒட்டியிருக்கிறது. அவர் 1946இல் புடாபெஸ்டில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், ஏறத் துடிக்கும் குழந்தையைத் தூக்கி ஏற்றிவிடாமல் தானாக ஏற விடுவது வழக்கமாக இருந்தது. தானாக ஏறிய உயரத்திலிருந்து குழந்தைக்கு இறங்கவும் தெரியும். தூக்கி வைத்த உயரத்திலிருந்து தெரியாது. பட்டறையில் சாமானை ஒப்படைக்கும்போது பெற்றோருக்குச் சொல்லவேண்டிய முதல் வார்த்தை இது. ஆனால் பெரும்பாலான தகப்பன்மார் அங்கேயே பிள்ளையைத் தூக்கி உச்சியில் வைத்துப் படம் எடுப்பார்கள்.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏறுவது புதிதல்ல. சித்திரை வருடப்பிறப்புக்கு ஊஞ்சலும் வழுக்குமரமும் உண்டு. நல்ல மாமரம் நிற்கும் வளவில் பட்டறைக்கு வேலையே இல்லை, கீழ்க்கொப்பு தாழ்ந்திருந்து முசுறு கூடு கட்டாமல் இருந்தால் சரி. முருங்கை பார்வைக்கு மரம், கைக்கு வெண்டிக்காய், அதில் ஏறவிடக்கூடாது. வாவிக்கரைத் தில்லையின் பால் கண்ணைக் கெடுக்கும். அந்தப் பக்கமே போகக்கூடாது. 1990களில் சுற்றிவளைப்பும் ஊரடங்கும் இருந்தபோது பிள்ளைகளுக்கு மரமும் இல்லை, வெளியும் இல்லை. 1996இல் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கியது, போரில் அடிபட்ட பிள்ளைகளுக்கு மதிலுக்குள்ளாவது ஒரு வெளி வேண்டும் என்பதற்காக. அந்தத் தலைமுறை இன்று பெற்றோர். வளவில் பிள்ளை நிற்பதைப் பார்த்துக்கொண்டேயிருக்க வேண்டும் என்று குசினி ஜன்னலுக்கு நேரே இடம் காட்டுகிறவர்கள் பலர் அவர்கள்தான். இடத்தைத் தேர்வதற்கு அது நல்ல முறையும் கூட.

வளவில் வைப்பதென்றால் கம்பியைப் பற்றி யோசிப்பதற்கு முன் நிலத்தைப் பார்க்க வேண்டும். ஐந்தடி உயரத்திலிருந்து விழும் பிள்ளை நிலத்தைத் தொடும்போது வேகம் மணிக்கு 19 கிலோமீற்றருக்கு மேல். சைக்கிளை வேகமாக மிதித்துப் போய் மதிலில் மோதுவது போல. விழும்போது பிள்ளை கையை ஊன்றும். ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது அதனால்தான் அதிகம். (அப்படி வீங்கிய கைக்கு நோவெண்ணெய் போட்டு உருவக்கூடாது. கையை அசையாமல் கட்டி நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த இடத்தில் இரத்தக் குழாயும் நரம்பும் எலும்பை ஒட்டி ஓடுகின்றன.)

எழுவான்கரையில் நிலமே மணல்தானே என்று விட்டுவிடுவது பெரிய பிழை. மட்டக்களப்பு வளவு நாளும் ஈர்க்கு விளக்குமாறால் கூட்டப்படுவது. கூட்டிக் கூட்டி, நடந்து நடந்து, மேல்மணல் சீமெந்துத் தரை போல் இறுகியிருக்கும். சோதனை இலகுவானது. விரல்களைச் சேர்த்து வைத்துக் கையை மணலுக்குள் இறக்கிப் பார்க்க வேண்டும். மணிக்கட்டு வரை தடையில்லாமல் இறங்கினால் நல்லது. இரண்டாம் விரல்கட்டோடு நின்றுவிட்டால் அது மணல் அல்ல, தரை. அப்படியானால் ஒன்றேகாலடி ஆழத்துக்குக் கிளறி, வேரும் ஓட்டுத்துண்டும் போத்தல் ஓடும் பொறுக்கி, மீண்டும் பரப்ப வேண்டும். ஐரோப்பிய விளையாட்டிடத் தரமான ஈ.என். 1176 கேட்பது களி கலவாத, 0.2 முதல் 2 மில்லிமீற்றர் வரை பருமனுள்ள மணல். இரண்டு மீற்றர் வரையான விழுகைக்கு 20 சென்ரிமீற்றர் ஆழம், கால்பட்டு விலகுவதற்கென்று மேலும் 10. ஆக ஓரடி. புல் வளர்ந்த நிலம் ஒரு மீற்றர் உயரம் வரைக்கும்தான் போதும் என்கிறது அதே தரம்.

ஓரடி மணலும் ஒரு மாதத்தில் ஒதுங்கிவிடும். சறுக்கின் கீழும் ஏணியின் அடியிலும் குழி விழும், குறைந்த இடத்தில்தான் அடுத்த பிள்ளை விழும். வாரம் ஒருமுறை வாரியால் இழுத்து மட்டமாக்கினால் போதும். இரவில் பூனை வந்து போகும் வளவானால் பழைய வலைத் துண்டொன்றால் மூடலாம். மீன்பிடிக் குடும்பங்களில் அதற்குப் பஞ்சமில்லை. மழை பெய்து மணல் ஈரமாகப் படிந்திருக்கும் நாளில் முதலில் கிளறிவிட்டுத்தான் பிள்ளையை விட வேண்டும்.

கடற்கரை மணலை அள்ளி வந்து கொட்டுவது இரண்டு வகையில் தவறு. அனுமதியில்லாமல் அள்ளுவது சட்டவிரோதம். அந்த மணலில் உள்ள உப்பு கம்பியின் காலை நாளும் பொழுதும் தின்னும்.

படுவான்கரையில் கதை மாறும். ஆனி ஆடியில் களி வெடித்துக் கல்லாக நிற்கும், கார்த்திகை மார்கழியில் சேறாகும். அங்கே ஒன்றரையடி ஆழத்துக்குக் குழி வெட்டி, நீர் வழிய ஒரு பக்கம் சரிவு விட்டு, சல்லி பரப்பி, அதன் மேல் மணல் போட வேண்டும். வடிகால் இல்லாத குழி மாரியில் குட்டையாகும்; பிள்ளை விழுவதற்கு முன்பே நுளம்பு பெருகும். நெல் ஆலைகள் அருகிலிருப்பதால் உமி கொட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உமி இலேசு: கச்சான் காற்றில் பறக்கும், மழையில் ஊறிக் கட்டியாகும், உடம்பில் பட்டால் அரிக்கும். குழிக்கும் மணல் ஏற்றக் கூலிக்கும் ஆகும் செலவைக் கேட்ட பிறகு படுவான்கரை வீடுகளில் பாதிப்பேர் உள்ளே வைக்கும் சிறிய சாமானுக்கு மாறிவிடுவார்கள். அந்தத் தீர்மானத்தில் பிழை சொல்ல ஒன்றுமில்லை.

சாமானைச் சுற்றி எப்பக்கமும் ஆறடி வெறுமையாக இருக்க வேண்டும். அந்த ஆறடிக்குள் கிணற்றுக் கட்டு, முள்ளுக்கம்பி வேலி, உடுப்புக் காயப்போடும் கொடி, வீட்டுக்கு வரும் மின்வயர் ஒன்றும் வரக்கூடாது. கிணறு ஆறடிக்கு அப்பாலும் கணக்கில் வரும். கம்பியில் ஏறப் பழகிய பிள்ளைக்குக் கிணற்றுக் கட்டும் இன்னொரு கம்பிதான். அளவெடுக்கப் போன வீடுகளில் இதைத் தவறாமல் சொல்பவர்கள் பாட்டிமார்: "மகன், கெணத்தடிப் பக்கம் மட்டும் வெச்சிராதீங்க." வலை மூடியோ இரும்பு மூடியோ போட்ட பிறகே கம்பி நட வேண்டும். நிழல் வேண்டுமென்று தென்னையின் கீழ் இடம் காட்டுகிறவர்களும் உண்டு. தேங்காயும் மட்டையும் நேரம் சொல்லி விழுவதில்லை. வேம்பு, பூவரசு, மா நிழல் நல்லது.

அடுத்தது உப்பு. கடலலை உடையும் இடத்திலிருந்து காற்றோடு வரும் உப்புத்தூறல் முதல் சில நூறு மீற்றரில் கடுமை. நாவலடி, டச்பார், கல்லடிக் கடற்கரை வீடுகளில் சாதாரண பெட்டிக் குழாய் இரண்டு மூன்று மாரியைத் தாண்டுவதே பெரிது. வாவியோரம் அவ்வளவு இல்லை. ஆனால் வாவி நீரும் உவர்நீர்தான். மாரியில் ஆற்று வெள்ளம் வந்து நன்னீராகும், கோடையில் மீண்டும் உப்பேறும்.

ஜி.ஐ. குழாயில் துத்தநாகப் பூச்சு உள்ளும் புறமும் உண்டு. ஒட்டும்போது மூட்டைச் சுற்றி அந்தப் பூச்சு எரிந்து வெள்ளைப் புகையாகப் போய்விடும். (அந்தப் புகையை நாள் முழுக்க இழுத்தவருக்கு இரவில் குளிர்காய்ச்சல் வரும். பால் குடித்தால் தெளியும் என்பது பட்டறைகளின் பழைய நம்பிக்கை. காற்றோட்டமுள்ள இடத்தில் நின்று ஒட்டுவதே மருந்து.) எனவே துரு பிடிப்பது பெரும்பாலும் மூட்டில், அதாவது பாரம் தாங்க வேண்டிய அதே இடத்தில். மூட்டைக் கம்பித் தூரிகையால் பளிச்சென்று தேய்த்து, துத்தநாகம் கலந்த பூச்சு ஒன்று, பிறகு சிவப்புப் பிறைமர், அதன் மேல் எனாமல் இரண்டு கை அடிக்க வேண்டும். கடற்கரையோரமானால் ஒட்டுவதைக் குறைத்து, வளையமும் போல்டும் போட்டுப் பூட்டுவது நல்லது. எவர்சில்வர் குழாய் கேட்பவருக்கு 304 ரகம் கடல்காற்றில் தேயிலைக் கறை பிடிக்கும் என்று சொல்ல வேண்டும். 316 தாங்கும், ஆனால் அந்தப் பணத்துக்கு இரண்டு கம்பிக்கூடு செய்யலாம்.

துரு உள்ளிருந்தும் வருவதால் கண்ணால் பார்த்து நம்பக்கூடாது. கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டில் மூன்றாம் வருடம் பார்க்கப் போனபோது நீலப் பெயின்ட் புதிதாகவே இருந்தது. சிறு சுத்தியலால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டு வந்ததில் நெஞ்சளவு வரை மணி போல் கணீரென்றது. முழங்காலுக்குக் கீழே ஓசை மங்கியது. மணலைக் கையால் விலக்கி, கால் சீமெந்துக்குள் இறங்கும் இடத்தில் ஸ்குரூ டிரைவரின் நுனியை வைத்து அழுத்தியதும், பப்படம் உடைவது போல் சத்தம் கேட்டு நுனி உள்ளே போனது. பெயின்ட் மட்டுமே தூணைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிழை நட்ட பட்டறையினுடையது. சீமெந்துக் கட்டியின் தலையைத் தட்டையாக விட்டதால் குழாயைச் சுற்றி நீர் தேங்கியது. குழாயின் மேல்வாய் மூடப்படாததால் மழை உள்ளே இறங்கியது. கட்டியின் தலையைக் கூம்பாகச் சரித்து, அதை மணலுக்குக் கீழே ஓரடி தாழ்த்தி, குழாயின் வாயைத் தகடு வைத்து ஒட்டி, நிலமட்டத்தில் அரையடி மேலும் கீழும் தார் பூசியிருந்தால் அது இன்னும் பல வருடம் நின்றிருக்கும். வாய் மூடாத குழாயில் குளவியும் கூடு கட்டும். அதைக் கண்டுபிடிப்பது முதலில் ஏறும் பிள்ளையின் கை.

2022இல் ரூபாய் வீழ்ந்து இரும்பு விலை ஏறியபோது பழைய குழாய் வாங்கிச் செய்விக்கும் பழக்கம் பரவியது. சுத்தியல் சோதனையில் தேறினால் பழைய குழாயும் குழாய்தான். ஆனால் பழைய மின்கம்பமும் ரயில் பாதைச் சிலிப்பர் கட்டையும் வேறு விடயம். அவற்றில் ஏற்றிய மருந்து, குறிப்பாக கிரியோசோட் எண்ணெயும் ஆர்சனிக் கலந்த உப்பும், பிள்ளையின் கைக்கும் வாய்க்கும் ஆகாது. ஆர்சனிக் மருந்து ஏற்றிய மரத்தை வீட்டுத் தேவைக்கு விற்பதை அமெரிக்க உற்பத்தியாளர்கள் 2003 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். மரமே வேண்டுமென்றால் முதிரை அல்லது பாலை நல்லது. நிலத்துக்குள் புதைக்காமல், சீமெந்துக் கட்டியில் பதித்த இரும்புக் காதில் ஏற்றி நிறுத்தினால் கறையானுக்கும் எட்டாது.

தொங்கவிடுவதற்குத் தும்புக் கயிறு கைக்கு இதமானது, ஆனால் ஒரு மாரியில் உள்ளே உளுத்துவிடும். முறுக்கைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். மீன்பிடி நைலோன் கயிறு நனைந்தாலும் தாங்கும். வெயிலில் கிடந்து மேற்பரப்பில் தூள் கொட்டத் தொடங்கினால் கழற்றிவிட வேண்டும். கயிறு எதுவானாலும் இரண்டு முனையும் கட்டப்பட்டு இழுவையாக நிற்க வேண்டும். ஒரு முனை மட்டும் கட்டித் தொங்கும் கயிறு பிள்ளையின் கழுத்துக்கு எட்டும் இடத்தில் சுருக்காக மாறக்கூடும். சைக்கிள் தலைக்கவசத்தோடும் ஏறவிடக்கூடாது: உடல் நுழைந்த இடைவெளியில் கவசம் மாட்டிக்கொண்டால் பிள்ளை தொங்கும். பாதுகாப்புக்கென்று போட்டுவிடும் தாய்மாருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிதாக இருப்பதில்லை.

பருவத்தைப் பார்த்தால் வெளிச்சாமானின் பாவனைக் காலம் எவ்வளவு குறைவு என்பது தெரியும். மட்டக்களப்பின் மழையில் பெரும்பங்கு வடகீழ்ப் பருவக்காற்றோடு, கார்த்திகை முதல் தை வரை கொட்டுகிறது. பாடசாலையின் ஆண்டிறுதி விடுமுறையும் மார்கழியில்தான் வருகிறது. பிள்ளை வீட்டில் நிற்கும் நாட்களில் கம்பி நனைந்து வழுக்கும். வைகாசி தொடங்கினால் கச்சான். மலையைத் தாண்டி வரும்போது ஈரத்தை இழந்து, சூடாக அடிக்கும் மேல்காற்று அது. அந்த மாதங்களில் முற்பகல் பத்து மணிக்கே இரும்புச் சறுக்கு தோசைக்கல். சிறு பிள்ளையின் தோல் மெல்லியது, சூடு பட்டதும் கையை எடுக்கத் தெரியாது. தொடையில் கொப்புளம் போட்டு வந்த பிள்ளைகள் உண்டு. சறுக்கை நிழலில் வைக்க வேண்டும், அல்லது பிளாஸ்டிக்கில் போட வேண்டும். பிளாஸ்டிக்குக்கும் ஆயுள் உண்டு: நிறம் வெளுத்து, நகத்தால் கீறினால் வெள்ளைப் பொடி வந்தால் அது முறியத் தயார். குழாய்க்குக் கடும் நிறத்தை விட வெள்ளையோ இளமஞ்சளோ மேல். கேட்டு வருபவர்கள் சிவப்பும் கருநீலமும் கேட்பார்கள்.

மாரியில் இன்னொரு கவனம் ரயர். தொங்கும் ரயரும் பாதி புதைத்த ரயரும் மலிவான ஏறுபடிகள். அவற்றில் தேங்கும் ஒரு கோப்பை நீர் டெங்கு நுளம்புக்குப் போதும். 2017இல் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு கண்ட பிறகு, வளவுக்குள் வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கண் முதலில் போவது ரயருக்குத்தான். அடிப்பக்கத்தில் ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு துளை வீதம் பெருவிரல் பருமனில் துளைத்துவிட வேண்டும்.

உள்ளே வைப்பதில் உப்பும் மழையும் இல்லை. ஆனால் மணலும் இல்லை. தரை சீமெந்து அல்லது ரைல்ஸ். கடையில் விற்கும் விரல் மொத்தப் பஞ்சுப்பாய்த் துண்டுகள் முழங்கால் நோகாமல் தவழ்வதற்கானவை, விழுவதற்கானவை அல்ல. தும்பு மெத்தை அழுந்தி இறுகிவிடும். நல்ல பஞ்சில் நான்கு அங்குலத்துக்குக் குறையாத மெத்தை, மேலே வழுக்காத உறை, இரண்டு மெத்தைக்கு இடையில் பிளவு விழாதபடி பூட்டு. இவ்வளவும் இருந்தாலும் உள்ளே நிற்கும் சாமான் தாயின் இடுப்பளவைத் தாண்டக்கூடாது. உயரம் வேண்டுமென்றால் வெளியேதான்.

உயரத்தைக் குறைப்பதற்கு இன்னொரு காரணம் கூரையில் சுழல்கிறது. வெக்கைக்கு எல்லா அறையிலும் மின்விசிறி உண்டு. முக்கோண ஏணியின் உச்சியில் நிமிர்ந்து நிற்கும் நான்கு வயதுப் பிள்ளை கையை உயர்த்தினால் எங்கே எட்டும் என்பதை நாடாவால் அளந்துதான் இடம் வைக்க வேண்டும். ஜன்னல் கம்பிக்கும் அலுமாரிக்கும் எட்டாத தூரமும் வேண்டும். சுவரில் பூட்டாத அலுமாரி ஏறும் பிள்ளையோடு சேர்ந்தே சரியும்.

சுவரேணி வைப்பவர் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும். இங்கே பல வீடுகள் துளையுள்ள சீமெந்துக் கல்லில் கட்டியவை. பூச்சைத் துளைத்துப் பிளாஸ்டிக் பிளக் போட்டு ஆணி முறுக்கினால் படம் மாட்டலாம், பிள்ளையை மாட்டக்கூடாது. கொங்கிறீற் தூணில் அல்லது சுவரைச் சுற்றும் கொங்கிறீற் வளையத்தில் விரியும் போல்ட் போட வேண்டும். அதுவும் கிடைக்காவிட்டால் சுவரை ஊடுருவும் நீளப் போல்ட் போட்டு, மறுபக்கத்தில் தகடு வைத்து இறுக்க வேண்டும்.

ஓட்டுக்கூரை வீட்டில் கயிறோ ஊஞ்சலோ தொங்கவிடும்போது சொல்லப்படும் நியாயம் எப்போதும் ஒன்றுதான்: "இந்த வளையிலதான் இவனுக்கு ஏணை கட்டின, ஒண்டும் ஆகல்ல." ஏணையில் கிடந்தது ஐந்து கிலோக் குழந்தை, மெல்ல அசைந்தது. இப்போது ஆடுவது 25 கிலோப் பையன். கயிறு செங்குத்திலிருந்து 60 பாகை விலகும் வரை அவன் வீசி ஆடினால், கீழே வரும் கணத்தில் கயிறு இழுப்பது அவன் நிறையைப் போல் இரண்டு மடங்கு, 50 கிலோ. இரண்டு பேர் சேர்ந்து ஆடாமல் இருந்தால்! சலாகையில் ஒருபோதும் கட்டக்கூடாது. இரண்டு சுவரிலும் ஏறி உட்கார்ந்திருக்கும் விட்டத்தில், கறையான் பார்த்த பிறகு, அகலப் பட்டி சுற்றிக் கட்ட வேண்டும்.

உள்ளுக்கும் வெளிக்கும் நடுவில் இந்த ஊர் வீடுகள் ஏற்கெனவே ஓரிடம் வைத்திருக்கின்றன: விறாந்தை. கூரை இருக்கிறது, சுவர் இல்லை. மழைக்கு ஒதுக்கு, கச்சானுக்கு நிழல், குசினியிலிருந்து கண் எட்டும். மடக்கும் முக்கோண ஏணி மார்கழியில் விறாந்தையில் மெத்தை மேலும், மாசிக்குப் பிறகு முற்றத்து மணல் மேலும் நிற்கலாம். அதை முதிரைக் கம்பில் எவர்சில்வர் போல்ட் போட்டுச் செய்தால் இரண்டு இடத்துக்கும் ஈடுகொடுக்கும். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள வீட்டுக்கு இதைவிட நல்ல ஓடர் இல்லை. பட்டறைக்கு இதில் இலாபம் குறைவு. விறாந்தைத் தரைக்கும் முற்றத்துக்கும் இடையிலுள்ள படிக்கட்டு விளிம்பு மட்டும் மெத்தைக்கு வெளியே ஆறடி தள்ளி இருக்க வேண்டும்.

எங்கே நின்றாலும் அளவு ஒன்றுதான். பிடிக்கும் கம்பியின் வெளிப்பருமன் 16க்கும் 45 மில்லிமீற்றருக்கும் இடையில் வேண்டும். கடையில் முக்கால் அங்குலம் என்று விற்கும் ஜி.ஐ. குழாயின் வெளிப்பருமன் 27 மில்லிமீற்றர், ஓரங்குலக் குழாய் 34. சின்னக் கைக்கு முதலாவது, பத்து வயதுக் கைக்கு இரண்டாவது. ஒன்றரை அங்குலக் குழாய் 48 மில்லிமீற்றர். அது காலுக்கு நல்லது, கைக்கு ஆகாது. பலமாக இருக்கட்டும் என்று படிக்கும் அதையே போடச் சொல்பவர்கள் உண்டு. பிள்ளையின் விரல் அதைச் சுற்றி முடியாது, வியர்த்த கை வழுக்கும்.

இடைவெளி அதைவிட முக்கியம். 89 மில்லிமீற்றருக்கும் 230 மில்லிமீற்றருக்கும், அதாவது மூன்றரை அங்குலத்துக்கும் ஒன்பது அங்குலத்துக்கும், இடைப்பட்ட மூடிய இடைவெளி எதுவும் இருக்கக்கூடாது. அதற்குள் பிள்ளையின் உடல் கால்முன்னாக வழுக்கிப் போகும், தலை போகாது. பட்டறையில் இதற்கு இரண்டு பலகைத் துண்டு வெட்டி ஆணியில் தொங்கவிட்டால் போதும்: ஒன்று 89க்கு 157 மில்லிமீற்றர் செவ்வகம், மற்றது 230 மில்லிமீற்றர் வட்டம். செவ்வகம் நுழையும் இடைவெளியில் வட்டமும் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் அந்தக் கம்பியை வெட்டி மாற்ற வேண்டும். முக்கோண ஏணியின் படிகளுக்கிடையில் மூன்றேகால் அங்குலமும், பெரிய பிள்ளைகளின் ஏணிக்கு ஒன்பதரை முதல் பத்தங்குலமும் விட்டால் இரண்டு துண்டும் சம்மதிக்கும். ஜன்னல் கிறில் செய்து பழகிய கை ஐந்தங்குலம் விடப் பார்க்கும். அந்தப் பழக்கத்தை மாற்றத்தான் துண்டுகள்.

வருடத்துக்கு இரண்டு முறை பார்த்தால் போதும்: மாரி முடியும் தையில் ஒருமுறை, மழைக்கு முன் புரட்டாதியில் ஒருமுறை. தையில் சுத்தியல், ஸ்குரூ டிரைவர், நட்டு இறுக்கும் சாவி, மணலுக்குள் இறக்கும் கை. புரட்டாதியில் பெயின்ட். போல்டின் தலை மழுங்கியிருந்தால் மாற்ற வேண்டும், வெளியே நீட்டிய புரியை வெட்டி மூடி போட வேண்டும்.

பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு வயதில் இதை விட்டுவிடுவார்கள். போல்ட் போட்டுப் பூட்டியதானால் கழற்றி உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பலாம். அங்கே பூட்டும்போது பழைய போல்டைப் போடாமல் புதிது வாங்க வேண்டும். ஒட்டியதானால் பெரும்பாலும் அந்த இடத்திலேயே பாகலோ புடலையோ படர விடுகிறார்கள். அதுவும் வேண்டாமென்று வெட்டி எடுப்பவர்கள் காலை நிலத்தோடு அறுத்துவிட்டுப் போவதுண்டு. மழை மேல்மணலைக் கழுவியதும் அந்த அறுத்த விளிம்பு வெறுங்காலுக்குக் கத்தியாக எழும்பி வரும். கட்டியோடு தோண்டி எடுத்து, குழியைத் தூர்த்து, தண்ணீர் ஊற்றி மிதித்துவிட வேண்டும்.